மூன்று பல், மூன்று தீர்மானம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய ஓ.பி.ஜி. எக்ஸ்ரே படத்தைக் கணினியில் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அதோடு நீ எழுதியிருந்ததையும் படித்தேன். "டாக்டர் மூணையும் எடுத்துடலாம்னு சொல்றார் அத்தை. அப்பா, வெளிநாடு போறதுக்குள்ள முடிச்சிடுன்னு சொல்றாங்க. அப்பாயி, பல்லைத் தொடவே கூடாதுங்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?" போனில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீ. யார் சொன்னதற்காகவும் இல்லாமல், விஷயம் புரிந்து நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில் படம். ஓ.பி.ஜி., எதிரே நிற்பவர் உன் முகத்தைப் பார்க்கும் வாக்கில் இருக்கும். படத்தில் இடப்பக்கம் தெரிவது உன் வலத் தாடை. முன்பல்லின் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் எட்டாவதாக வருவது ஞானப்பல். பல் மருத்துவர்களான நாங்கள் எங்களுக்குள் அதை எட்டாம் பல் என்றே சொல்வோம். அதற்கு முன்னால் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல் ஏழாம் பல். இந்த ஏழாம் பல்லை மனதில் வைத்துக்கொள். உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

உனக்கு மேல் இடப்பக்கத்தில் எட்டாம் பல் உருவாகவே இல்லை. இது குறையல்ல. உலகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது பிறவியிலேயே இருப்பதில்லை. மேல் வலப்பக்கத்துப் பல் நேராக இறங்கி முளைத்துவிட்டது. கீழ் வலப்பக்கத்தில் இருப்பது எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது; வாயைத் திறந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கீழ் இடப்பக்கத்தில் இருப்பதுதான் முன்பக்கம் சாய்ந்து, ஏழாம் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு, பாதி ஈறுக்கு வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கிறது. தீபாவளிச் சமயத்தில் உனக்கு வீங்கியதும், போன மாதம் மறுபடி வீங்கியதும் அங்கேதான்.

மூன்று பல்லும் மூன்று நிலையில் இருக்கும்போது மூன்றுக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? "ஞானப்பல்லை எடுக்கலாமா, வைக்கலாமா" என்று கேட்பதையே விட்டுவிடு. இந்தப் பல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது, இனி என்ன செய்யக்கூடும், எடுத்தால் என்ன ஆபத்து, விட்டால் என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேள்.

இதில் மருத்துவ உலகமே ஒரு மனதாக இல்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக, பதினெட்டு இருபது வயதில் நான்கு ஞானப்பற்களையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே இருந்துவந்தது. பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2000ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறாகச் சொன்னது: நோய் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். 2008இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் தன் நாட்டு வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2020இல் மறுபடி பார்த்துவிட்டு, தொந்தரவில்லாத, நோயில்லாத புதைந்த பல்லை எடுப்பதே நல்லது என்றோ விட்டுவைப்பதே நல்லது என்றோ சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது.

பிரிட்டனின் கதை அத்தோடு முடியவில்லை. அந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு அறுவைகள் குறைந்தன. சில ஆண்டுகளில் மறுபடி ஏறின. இந்த முறை வந்தவர்களுக்கு வயது கூடியிருந்தது. ஞானப்பல் முட்டிக்கொண்டிருந்த ஏழாம் பல்லின் பின்பக்கம் சொத்தையாகிப் பலர் வந்தார்கள். விட்டுவைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று. எல்லாவற்றையும் எடு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களோடும் இல்லை.

இனி உன் கீழ் இடது பல். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடலாகப் படர்ந்திருக்கும். சட்டைப்பைக்குள் மணல் சேர்வதுபோல அந்த மடலுக்கு அடியில் சோற்றுத் துணுக்கும் கிருமியும் சேரும். பிரஷ் அங்கே போகாது; எவ்வளவு கொப்பளித்தாலும் முழுக்க வெளியே வராது. உடம்பு சோர்ந்திருக்கும் நாளில், தூக்கமில்லாத பரீட்சை வாரத்தில், அது சீழ் பிடித்து வீங்கும். மேல் பல் அந்த வீங்கிய ஈறைக் கடித்து இன்னும் புண்ணாக்கும். வாய் திறக்க முடியாமல் போவதும், காது வரை குத்துவதும் அதனால்தான்.

முதல் தடவை இப்படி வந்தால், மிகக் கடுமையாக இருந்தாலொழிய, உடனே பல்லை எடுக்க வேண்டியதில்லை. மடலுக்கு அடியில் சுத்தம் செய்து ஆற்றிவிடலாம். இரண்டாம் தடவை வந்தால் எடுப்பதற்கு அது தக்க காரணம். முன்னெச்சரிக்கை அறுவையை நிறுத்தச் சொன்ன அதே 2000ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதுதான் இது. உனக்கு இரண்டு தடவை வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் ஏழாம் பல். சாய்ந்த எட்டாம் பல்லின் தலைக்கும் ஏழாம் பல்லின் முதுகுக்கும் நடுவே ஒரு முக்கோண இடுக்கு இருக்கிறது பார். அங்கே உணவு தங்கினால், ஈறு விளிம்புக்கு அடியில், ஏழாம் பல்லின் கழுத்தில் சொத்தை விழும். எனாமல் மெலிந்து முடிகிற இடம் அது. சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நரம்பைத் தொடும்வரை வலிக்கவும் வலிக்காது. நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், நாற்பது வயதில் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஞானப்பல்லோடு ஏழாம் பல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் வலித்ததே இல்லையே டாக்டர் என்பார்கள். மென்று தின்பதற்கு எட்டாம் பல் இல்லாமல் வாழலாம். ஏழாம் பல் போனால் அந்த இழப்பு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் தெரியும். உன் ஏழாம் பல்லில் இன்று சொத்தை இல்லை. அது அப்படியே இருக்க வேண்டும். கீழ் இடது பல்லை எடுத்துவிடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கீழ் வலது பல்லுக்கு வருகிறேன். இங்கே நான் உன் டாக்டரோடு மாறுபடுகிறேன். அந்தப் பல் எலும்பால் முழுக்க மூடப்பட்டிருக்கிறது. வாயோடு தொடர்பில்லாததால் கிருமி போக வழியில்லை. ஏழாம் பல்லின் வேரை அது அரிக்கவில்லை. பல்லைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும் உறை வழக்கமான அகலத்தில்தான் இருக்கிறது. அதன் வேர்நுனியைப் பார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு பாதையாகத் தெரியும். உன் பல்லின் வேர் அந்தப் பாதையைத் தொடும் இடத்தில் மேல் வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறது, வேரும் அங்கே கறுத்துத் தெரிகிறது. நரம்பும் வேரும் ஒட்டிக்கிடக்கலாம் என்பதற்கு இவை பழகிய அடையாளங்கள்.

அந்த நரம்பு கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது. அறுவையில் அது நசுங்கினாலோ அறுந்தாலோ உதடு மரத்துப்போகும். உதடு அசையும், முகம் கோணாது. ஆனால் தேநீர் வழிந்தாலும் தெரியாது, உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும். திரும்பாமலே போவது பொதுவாக நூறில் ஒருவருக்கும் குறைவு. வேரும் நரம்பும் ஒட்டியிருப்பவர்களுக்கு அந்த அபாயம் கூடும். நோயே இல்லாத ஒரு பல்லுக்காக இருபது வயதில் அந்த அபாயத்தை நீ ஏன் ஏற்க வேண்டும்?

உன் டாக்டர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உன் வயதில் எலும்பு இளசாக இருக்கும், வேர் முழுதாக வளர்ந்திருக்காது, புண் சீக்கிரம் ஆறும். வயது ஏற ஏற அறுவை கடினமாகும், தொந்தரவும் கூடும். நாற்பதில் எடுக்க நேர்ந்தால் இப்போது எடுப்பதைவிடக் கஷ்டப்படுவாய். ஆனால் எடுக்க நேருமா என்பதே நிச்சயமில்லை. இவ்வளவு ஆழத்தில் புதைந்த பற்கள் பலருக்கு வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கின்றன. அப்படியே தேவைப்பட்டாலும், முப்பரிமாணமாகக் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்து நரம்பின் இடத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். நரம்பு ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுத்து வேரை விட்டுவிடும் கொரோனெக்டமி என்ற முறையும் இருக்கிறது.

விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை. புதைந்த பல்லைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக் கட்டி உண்டாவது உண்டு. அபூர்வம்தான், ஆனால் வலியில்லாமல் வளரும், எக்ஸ்ரேயில்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஓ.பி.ஜி. எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல். இதைச் செய்ய மாட்டேன் என்று உனக்கே தோன்றினால் இப்போதே சொல்லிவிடு, என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். கவனிக்கப்படாத பல்லும் கவனிப்பில் உள்ள பல்லும் ஒன்றல்ல.

மேல் வலது பல் சுலபம். நேராக முளைத்திருக்கிறது, சொத்தையில்லை, இருக்கட்டும். அதற்கு எதிரே கீழே கடிக்க ஜோடி இல்லாததால் நாளாக ஆகக் கொஞ்சம் கீழே இறங்கி வரலாம், கன்னத்தைக் கடிக்கலாம். அப்படி வந்தால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். மேல் ஞானப்பல்லை எடுப்பது பெரும்பாலும் எளிய வேலை. அதுவரை நன்றாகத் தேய். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ் உள்ளே போகாது. பாதி மூடிக்கொண்டு தேய்த்தால் கன்னம் தளரும், பின்மூலை வரை எட்டும்.

கிளிப் போட்டு வரிசைப்படுத்திய முன்பற்களை ஞானப்பல் தள்ளி மறுபடி கோணலாக்கிவிடுமோ என்று ஒரு வரி எழுதியிருந்தாய். இந்தப் பயம் காட்டி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பல் எடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் கிளிப் சிகிச்சை முடித்த இளையோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஞானப்பல்லை எடுத்து, மறு பிரிவுக்கு விட்டுவைத்து, சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அளந்து பார்த்தார்கள். முன்பல் நெருக்கத்தைத் தடுப்பதற்காக ஞானப்பல்லை எடுப்பதில் நியாயமில்லை என்று 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் வயதாக ஆக முன்பல் கொஞ்சம் நெருங்கத்தான் செய்கிறது. உன் வரிசை கெடாமலிருக்க வேண்டுமானால் இரவில் ரீடெய்னரைப் போடு.

அப்பாயி சொல்வதையும் தள்ளிவிடாதே. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று அவர்கள் தலைமுறை முழுக்க நம்பியது. அவர்கள் காலத்தில் பல் போகும் வயதும் பார்வை குறையும் வயதும் ஒன்றாகவே வந்தன. பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பு. பார்வைக்கான நரம்பு இரண்டாவது, முற்றிலும் வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். பேத்தி மேல் உள்ள பயம்தான் அது.

அப்பா சொல்வதில் பாதி சரி. வெளிநாட்டில் மாணவர் காப்பீடு பலவற்றில் பல் சிகிச்சை சேராது, செலவும் கடுமையாக இருக்கும். இரண்டு தடவை வீங்கிய பல்லை வாயில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது புத்தியில்லை. ஆகவே இடப்பக்கத்தை இப்போதே முடித்துவிடு. ஆனால் பயணத் தேதி நல்ல பல்லை எடுக்கக் காரணமாகாது. குறைந்தது ஒரு மாதமாவது இடைவெளி வைத்து நாள் குறி. தையல் பிரித்து, ஏதாவது சிக்கல் வந்தால் அதைப் பார்க்கவும் இங்கேயே நேரம் இருக்கட்டும். வீக்கம் முழுக்க வற்றிய பிறகுதான் அறுவை.

யாரிடம் செய்துகொள்வது? உன் பக்கத்து டாக்டர் நல்லவராகவே தெரிகிறார். ஆனாலும் சாய்ந்து புதைந்த பல் என்பதால், வாய், தாடை அறுவையில் எம்.டி.எஸ். முடித்த ஓரல் சர்ஜனிடம் ஒரு முறை காட்டிக் கருத்துக் கேள். சென்னையில் தங்கியிருப்பதால் பிராட்வே பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். 1953 முதல் இயங்கும் இடம், தினமும் இந்த வேலை நடக்கும் இடம். யாரிடம் போனாலும் கூச்சப்படாமல் கேள்: இந்தப் பல்லை ஏன் எடுக்கிறீர்கள்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? என் படத்தில் நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நாக்குப் பக்கத்து நரம்புக்கு ஆபத்து உண்டா? கீழ் ஞானப்பல்லின் உட்பக்கத்தை ஒட்டி நாக்கின் உணர்ச்சிக்கும் சுவைக்குமான நரம்பு போகிறது; ஓ.பி.ஜி.யில் அது தெரியாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடு.

அறுவையைப் பற்றிப் பயப்படாதே. மரப்பு ஊசி போட்டாலே போதும், மயக்க மருந்து தேவைப்படாது. ஈறைக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் அகற்றி, பல்லைத் துண்டாக்கி எடுப்பார்கள். அழுத்துவதும் அசைப்பதும் தெரியும், எந்திரச் சத்தம் தலைக்குள் கேட்கும். குத்தும் வலி இருக்கக் கூடாது. இருந்தால் கையைத் தூக்கு, இன்னும் கொஞ்சம் ஊசி போடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் பங்கு அதிகம். பல் இருந்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் புது எலும்புக்கு அஸ்திவாரம். அதனால் முதல் நாள் முழுக்கத் துப்பாதே, கொப்பளிக்காதே, ஸ்ட்ராவில் உறிஞ்சாதே. கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம் மட்டும் கொடு. சூட்டு ஒத்தடம் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் ஏந்தி மெல்ல வெளியே விடு. ஆறிய கஞ்சி, தயிர்சாதம், குழைத்த இட்லி போதும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். கண்ணாடி பார்த்து அழாதே, பிறகு தானாக இறங்கும். வலிக்கு ஐப்யூபுரூஃபனும் பாராசிட்டமாலும் நன்றாகக் கேட்கும். உலகில் பல வலி மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்ததே ஞானப்பல் எடுத்தவர்களிடம்தான். உனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததால் ஐப்யூபுரூஃபன் தொடுவதற்கு முன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்.

மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறைவதற்குப் பதில் கூடி, காதுக்கு இழுத்து, வாயில் நாற்றம் அடித்தால் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதே. குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே வலி வெகுவாகக் குறையும், டாக்டரிடம் போ.

ஒன்றை மட்டும் அறுவைக்கு முன்னும் பின்னும் மறக்காதே. தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீக்கம் பரவினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், குரல் மாறினால், மூச்சு முட்டினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி, வாயின் தளமாக விரிந்திருக்கும் தசைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் சீழ் நேரே கழுத்துக்கு இறங்கி மூச்சுப் பாதையை அடைத்துவிடும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த இந்த நோய் இன்றும் உயிரைப் பறிக்கக்கூடியது. ஹாஸ்டல் வார்டனை எழுப்பி 108ஐக் கூப்பிடச் சொல், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போ, அதற்குப் பிறகு எனக்கு போன் செய்.

நாளை சாயங்காலம் உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். ஓரல் சர்ஜனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எழுது; நான் சொன்னதற்கு மாறாக அவர் ஏதாவது சொன்னால் காரணம் கேட்டு அதையும் சேர்த்து எழுது. இந்த ஓ.பி.ஜி.யின் சி.டி.யையும் பிலிமையும் பத்திரமாக வை, இரண்டு வருஷம் கழித்து எடுக்கப்போகும் படத்தோடு வைத்துப் பார்க்க அது வேண்டும்.

அன்புடன்,
அத்தை